பொரித்த எண்ணெயை எங்கே கொட்டுவது? சிங்க் அடைக்காமல் இருக்க என்ன வழி?

மொட்டைமாடி

வணக்கம் நண்பர்களே. பொரித்து முடித்த பிறகு மிஞ்சும் எண்ணெய், தட்டில் ஒட்டியிருக்கும் நெய், இறைச்சி சமைத்த பாத்திரத்தின் அடியில் உறைந்து கிடக்கும் கொழுப்பு, இதையெல்லாம் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எங்கள் வீட்டில் இதில் இரண்டு கட்சி. நன்றாகக் கொதித்த தண்ணீரோடு சோப்பும் விட்டு சிங்கிலேயே ஊற்றிவிடலாம் என்று ஒரு கட்சி, ஒரு சொட்டு கூட சிங்கில் போகக்கூடாது என்று இன்னொரு கட்சி. இருப்பது அடுக்குமாடி, மேலே கீழே எல்லா வீட்டுச் சமையலறைத் தண்ணீரும் ஒரே பைப்பில்தான் இறங்குகிறது. இப்போது கொஞ்ச நாளாக சிங்கில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது, கடைசியில் களக் களக் என்று ஒரு சத்தம் வேறு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இது எண்ணெயால்தானா? இனிமேல் மிஞ்சுகிற எண்ணெயை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

ஈரக்காற்று

நான் முதல் கட்சி. எங்கள் வீட்டில் என் மாமியார் காலத்திலிருந்தே வெந்நீரும் சோப்பும்தான், இதுவரை அடைப்பு என்று யாரையும் கூப்பிட்டதில்லை. எண்ணெய் திரவம்தானே, தண்ணீரோடு ஓடிவிடும். உறைகிற கொழுப்பை வேண்டுமானால் வழித்து எடுத்துப் போடலாம், மற்றதற்கு இவ்வளவு பயம் தேவையில்லை என்பது என் எண்ணம்.

குறடு

பிளம்பிங் வேலைதான் எனக்குத் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வெந்நீர் விட்டால் சிங்க் வாயில் அடைக்காது, அது உண்மை. அதனால்தான் நிறைய பேர் அதை நம்புகிறார்கள். சூடான தண்ணீர் எண்ணெயை இளக்கி உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகும். போகப் போகத் தண்ணீர் ஆறும். ஆறிய இடத்தில் கொழுப்பு பைப் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுகிற இடம் பெரும்பாலும் நேராக இறங்கும் பைப் இல்லை, படுக்கையாகப் போகும் பைப்தான். அதற்கு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் சரிவு கொடுத்திருப்பார்கள், தண்ணீர் அங்கே நிதானமாகத்தான் நகரும். அடுக்குமாடியில் அந்த இடம் வழக்கமாகத் தரைத்தளத்துக்குக் கீழே இருக்கும். மேலே ஐந்து வீட்டில் ஊற்றுகிற எண்ணெய்க்குத் தரைத்தளத்து வீட்டுக்காரர் சிங்க் வழியாக அழுக்குத் தண்ணீர் மேலே பொங்கி வரும். ஊற்றியவர் வீட்டில் கடைசி வரைக்கும் அடைப்பே இருக்காது. ஈரக்காற்று அக்கா, உங்கள் வீட்டைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கள் வீட்டில் அடைப்பில்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு பைப் சுத்தமாக இருக்கிறது என்று முடிவு பண்ண முடியாது, அவ்வளவுதான்.

ஒரு கணக்கும் சொல்கிறேன். 50 மில்லிமீட்டர் பைப் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் 10 மில்லிமீட்டர் கனத்துக்குக் கொழுப்பு படிந்தால் நடுவில் மிஞ்சுவது 30 மில்லிமீட்டர் விட்டம். பாதிக்கு மேல் திறந்திருக்கிற மாதிரிதான் தோன்றும். ஆனால் பரப்பளவைக் கணக்குப் போட்டால் 36 சதவீதம்தான் மிச்சம், மூன்றில் ஒரு பங்கு சொச்சம். அந்தச் சொரசொரப்பில் காபித்தூள், பருக்கை, மாவுக்கஞ்சி எல்லாம் போய் ஒட்டும். வெறும் எண்ணெய் மட்டும் அடைத்து நான் பார்த்தது குறைவு. எண்ணெய் பசையாக நிற்கும், மற்றதெல்லாம் அதில் சேர்ந்து இறுகும்.

மொட்டைமாடி, நீங்கள் சொல்லும் களக் களக் சத்தம் தண்ணீருக்குப் பின்னால் காற்று திணறி வருகிற சத்தம். சிங்கில் மட்டும் என்றால் உங்கள் பைப்பில்தான் படிந்திருக்கிறது. குளியலறையிலும் அதே நேரத்தில் தண்ணீர் தேங்கினால் பொது பைப்பைப் பார்க்க வேண்டும்.

ஈரக்காற்று

தம்பி, வெந்நீர் விஷயம் புரிகிறது. ஆனால் சோப்பு எண்ணெயைக் கரைத்துவிடுகிறதே? கையில் எண்ணெய் பட்டால் சோப்புப் போட்டுத்தானே கழுவுகிறோம்? அப்புறம் சூரியகாந்தி எண்ணெய் மாதிரி உறையாத எண்ணெய்க்கு என்ன பதில்?

சோதனைக்குழாய்

நல்ல கேள்வி. நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன், இதற்கு நான் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

சோப்பு எண்ணெயைக் கரைப்பதில்லை. எண்ணெயை மிகச் சிறிய துளிகளாக உடைத்து, ஒவ்வொரு துளியையும் சுற்றி நின்று, மறுபடி ஒன்று சேராமல் தண்ணீரில் மிதக்க வைக்கிறது. கைக்கும் தட்டுக்கும் அதுவே போதும், ஏனென்றால் அங்கே எண்ணெய் கொஞ்சம், சோப்பு நிறைய, தண்ணீரும் உடனே அடித்துக்கொண்டு போய்விடுகிறது. ஒரு கரண்டி எண்ணெயைக் கொட்டி அதன் மேல் நாலு சொட்டு சோப்பு விட்டால் அந்த விகிதம் நிற்காது. பைப்பில் மேலும் தண்ணீர் சேரச் சேர சோப்பு நீர்த்துப்போகிறது, சூடும் குறைகிறது, துளிகள் மறுபடி ஒன்றுசேர்ந்து மேலே மிதந்து சுவரைப் பிடித்துக்கொள்கின்றன. சமையல் எண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 920 கிராம்தான், தண்ணீரை விட லேசு. அதனால் எப்போதும் மேல்மட்டத்துக்கு வரும்.

உறையாத எண்ணெய் பற்றிக் கேட்டீர்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையும். வெண்ணெய், நெய், இறைச்சிக் கொழுப்பு எல்லாம் சாதாரண அறைவெப்பத்திலேயே கெட்டியாகும் வகை. சூரியகாந்தி, கடலை, எள் எண்ணெய் அப்படி உறையாது என்பது சரிதான், ஆனால் அதனால் அவை பைப்புக்கு நல்லவை என்று ஆகிவிடாது. எண்ணெயில் ஈரமுள்ள எதையாவது பொரிக்கும்போது நீராவியும் சூடும் சேர்ந்து எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து கொழுப்பு அமிலங்களைத் தனியே பிரிக்கின்றன. அந்த அமிலங்கள் கழிவுநீரில் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத கெட்டியான ஒரு சோப்பு உருவாகும். கடினநீர் வருகிற வீடுகளில் குளியலறைச் சுவரில் வெள்ளையாக ஒரு படிவு நிற்குமே, அதே இனம்தான். சிமென்ட் குழாயிலிருந்தே கூட கால்சியம் கரைந்து வந்து இதில் சேரும். ஆறிப்போன கொழுப்பை வெந்நீர் விட்டு இளக்கலாம். இது அப்படி இளகாது, சாதாரண சோப்புக்கும் மசியாது. அதனால் "உறையாத எண்ணெய்தானே" என்று ஊற்றுவதில் பாதுகாப்பு ஒன்றும் இல்லை.

இது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஒரு உதாரணம். 2017-இல் லண்டனில் வைட்சாப்பல் பகுதிச் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு ஒரே கட்டியாகக் கொழுப்பு இறுகிக் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். எடை சுமார் 130 டன். கொழுப்போடு ஈரத்துடைப்பான், டயாப்பர் எல்லாம் சேர்ந்து பாறை மாதிரி ஆகியிருந்தது, உடைத்து எடுக்க வாரக்கணக்கில் ஆனது. அதில் ஒரு துண்டை அடுத்த ஆண்டு அங்கே அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைத்தார்கள். அவ்வளவும் சமையலறைகளிலிருந்தும் கழிப்பறைகளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேர்ந்ததுதான்.

ஈரக்காற்று

சரி சார், சோப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தினமும் கழுவுகிற பாத்திரத்தில் இருக்கிற எண்ணெயை என்ன செய்வது? அதையும் பாட்டிலில் பிடிக்க முடியாதே.

மஞ்சள்குடை

உண்மையில் அந்தப் பாத்திரத்து எண்ணெய்தான் பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன். பொரிப்பது எப்போதோ ஒரு நாள். எண்ணெய் ஒட்டிய வாணலி, தட்டு, கரண்டி கழுவுவது தினமும் மூன்று வேளை. எல்லோரும் அந்த ஒரு நாள் எண்ணெயைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

நான் செய்வது இதுதான். கழுவுவதற்கு முன்னால் ஒரு பழைய செய்தித்தாள் துண்டாலோ டிஷ்யூவாலோ பாத்திரத்தைத் துடைத்துவிட்டுக் குப்பையில் போடுவேன். கெட்டியாகக் குழம்பு ஒட்டியிருந்தால் முதலில் ரப்பர் கரண்டியால் வழித்துவிட்டு அப்புறம் துடைப்பேன். துடைத்துக் காட்டினால் அந்தத் தாள் எவ்வளவு எண்ணெய் குடித்திருக்கிறது என்று பார்த்து நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். அப்புறம் கழுவ சோப்பும் குறைவாகத்தான் ஆகிறது, தண்ணீரும் மிச்சம். க்ரீம், மயோனைஸ், கெட்டிப் பால், சாலட் மேல் ஊற்றுவது எல்லாமே கொழுப்புதான், தட்டில் மிஞ்சினால் அதையும் வழித்துக் குப்பைக்கே அனுப்புங்கள்.

சிங்க் வாயில் ஒரு நுண்ணிய சல்லடை போட்டு வையுங்கள். எண்ணெயை அது தடுக்காது, ஆனால் எண்ணெயில் ஒட்டிக்கொள்ளப் போகிற பருக்கையைத் தடுக்கும்.

மொட்டைமாடி

இது நாளையிலிருந்தே செய்யலாம், நன்றி. ஆனால் பொரித்த எண்ணெய் அரை லிட்டர் ஒரு பாத்திரத்தில் அப்படியே இருக்கிறதே. அதை?

மஞ்சள்குடை

முதலில் ஆற விடுங்கள், முழுதாக. அவசரத்தில் சூடான எண்ணெயை பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றினால் பாட்டில் சுருங்கி ஒழுகும், கண்ணாடி ஜாடியில் ஊற்றினால் வெடிக்கக்கூடும். அதோடு சூடான எண்ணெயில் தண்ணீர் மட்டும் விடவே விடாதீர்கள். அடியில் போகிற தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் விரியும், எண்ணெய் முகத்தில் தெறிக்கும்.

ஆறிய எண்ணெய் இன்னும் நிறம் கறுக்காமல், சிக்கு வாடை இல்லாமல் இருந்தால் மெல்லிய துணியில் வடிகட்டி, மூடி போட்டு, வெளிச்சம் படாத இடத்தில் வைத்து இன்னொரு முறை பயன்படுத்தலாம். துகள் தங்கினால் அடுத்த முறை சீக்கிரம் கருகும், அதனால் வடிகட்டுவதை விட்டுவிடாதீர்கள். நுரைக்கிறது, முன்பை விடக் குறைந்த சூட்டிலேயே புகைகிறது, பிசுபிசுவென்று கெட்டியாகிவிட்டது என்றால் அதன் காலம் முடிந்தது. பழையதைப் புது எண்ணெயோடு கலக்காதீர்கள், புதியதும் சேர்ந்து கெடும். இன்னொன்று, அகலமான வாணலியை விட்டுவிட்டுக் குறுகலான ஆழமான பாத்திரத்தில் பொரித்தால் எண்ணெய் பாதிதான் ஊற்ற வேண்டியிருக்கும். மிஞ்சுவதே குறைந்தால் கொட்டுகிற கவலையும் குறையும்.

ஓலைப்பெட்டி

தூக்கிப் போட வேண்டிய எண்ணெய்க்கு இரண்டு வழி. உங்கள் பகுதியில் பழைய சமையல் எண்ணெய் சேகரிக்கிறவர்கள் இருந்தால் மூடி இறுகிய பாட்டிலில் சேர்த்து வைத்துக் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் நல்லது. அதை மெத்தனாலோடு வினைபுரிய வைத்து பயோடீசல் செய்கிறார்கள், கூடவே கிளிசரினும் கிடைக்கும். ஆனால் அதில் தண்ணீரும் சோப்பும் கலந்திருக்கக் கூடாது, பாத்திரம் கழுவிய தண்ணீரை அதே பாட்டிலில் விட்டுவிடாதீர்கள். வண்டிக்குப் போடுகிற என்ஜின் ஆயிலையும் அதில் கலக்காதீர்கள், முழுப் பாட்டிலும் வீணாகும்.

சேகரிப்பவர் இல்லையென்றால் குப்பைதான். ஆனால் எண்ணெயாக அல்ல, கெட்டியாக. பழைய பால் கவர், அட்டை டப்பா எதிலாவது மரத்தூளோ மணலோ கிழித்த செய்தித்தாளோ போட்டு அதில் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, இறுகக் கட்டிப் போடுங்கள். திரவமாகப் பையில் கட்டிப் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கி ரோடு முழுக்க ஒழுகும். நெய், கொழுப்பு வகையாக இருந்தால் ஃபிரிட்ஜில் ஒரு இரவு வைத்தாலே கெட்டியாகும், சுரண்டி எடுத்துப் போடலாம். எண்ணெயைக் கெட்டியாக்கும் பொடி என்றும் விற்கிறார்கள், ஆமணக்கு எண்ணெயிலிருந்து எடுப்பது. எண்ணெய் சூடாக இருக்கும்போதே கலக்க வேண்டும், ஆறியதும் தகடு மாதிரி வந்துவிடும். அவசியம் என்று சொல்ல மாட்டேன், மரத்தூளே போதும்.

வேப்பநிழல்

குறுக்கே ஒரு கேள்வி. தோட்டத்தில் மண்ணில் ஊற்றினால் என்ன? இயற்கையானதுதானே, மக்கிப் போகாதா?

தோட்டக்காரி

ஊற்றாதீர்கள். மக்கும், ஆனால் அவ்வளவு சீக்கிரத்தில் இல்லை. எண்ணெய் படிந்த மண் தண்ணீரை உள்ளே வாங்காது, காற்றும் போகாது, வேர் மூச்சுத் திணறும். எலியும் எறும்பும் பெருச்சாளியும் அந்த இடத்தைத் தேடி வரும். உரக்குழியில் எண்ணெய் துடைத்த தாள் ஒன்றிரண்டைக் காய்ந்த இலையோடு சேர்த்துப் போடலாம், அந்த அளவு பரவாயில்லை. கரண்டிக் கணக்கில் ஊற்றினால் குழிக்குள் காற்று அடைத்துக்கொண்டு நாற்றம் எடுக்கும்.

தெருவில் மழைநீர் வடிகாலில் ஊற்றுவது இதை விட மோசம். பல ஊர்களில் அது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேராக ஆற்றுக்கோ குளத்துக்கோ போகிறது.

கல்லுக்குழி

எங்கள் வீட்டில் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லை, செப்டிக் டேங்க்தான். உள்ளே பாக்டீரியா இருக்கிறது, எண்ணெயை அது தின்றுவிடும் என்று தொட்டி கட்டியவர் சொன்னார். சரியா?

குறடு

ஓரளவுதான். டேங்கில் எண்ணெய் மேலே மிதந்து ஏடாக நிற்கும். கனமானது அடியில் சேறாகப் படியும். நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் வெளியேற வேண்டும், அதற்காகத்தான் வெளியேறும் வாயில் T வடிவப் பைப்போ தடுப்போ வைக்கிறார்கள். பாக்டீரியா கொழுப்பை மெதுவாகத்தான் சிதைக்கும். நீங்கள் அதை விட வேகமாக ஊற்றினால் ஏடு தடித்துக்கொண்டே போய் ஒரு நாள் அந்தத் தடுப்பைத் தாண்டி உறிஞ்சு குழிக்குப் போய்விடும். டேங்க் நிரம்பினால் லாரி வைத்து எடுத்துவிடலாம். குழியைச் சுற்றியுள்ள மண்ணின் துளைகளைக் கொழுப்பு அடைத்துவிட்டால் அதைச் சுத்தம் செய்ய வழியே கிடையாது, வேறு குழிதான் தோண்ட வேண்டும். செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்கள் மற்றவர்களை விட இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிண்ணம்

மொட்டைமாடி, இப்போது மெதுவாக இறங்குகிற சிங்குக்கு பேக்கிங் சோடாவும் வினிகரும் ஊற்றிப் பாருங்கள், பொங்கி எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போகும். அதற்கும் மசியவில்லை என்றால் காஸ்டிக் சோடா.

சோதனைக்குழாய்

சோடாவும் வினிகரும் சேர்ந்தால் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். கரியமில வாயு நுரையாக வெளியேறும், மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். பார்க்க வேகமாகத் தெரிந்தாலும் கொழுப்பில் அதற்குப் பெரிய வேலை இல்லை. வாடை போக வேண்டுமானால் கொஞ்சம் உதவும்.

குறடு

காஸ்டிக் விஷயத்தில் நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன், தயவு செய்து அடைத்து நிற்கிற சிங்கில் போடாதீர்கள். அது தண்ணீரில் கரையும்போதே பயங்கரமாகச் சூடாகும். கொழுப்பில் மேல் பக்கத்தைச் சோப்பாக்கும், அந்தச் சோப்பும் பாதிக் கரைந்த கொழுப்பும் கொஞ்சம் கீழே போய் மறுபடி இறுகினால் முன்னால் இருந்ததை விடக் கெட்டியான அடைப்பு. பிவிசி பைப்பும் ஜாயின்ட்டும் அந்தச் சூட்டில் இளகும். பிவிசி பைப் தொடர்ந்து தாங்குவது 60 டிகிரி வரைதான், அதனால் கொதிக்கிற தண்ணீரையே கூட நேராக ஊற்ற வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காஸ்டிக் வேலை செய்யவில்லை என்று அதன் மேலேயே ஆசிட் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கொதித்து மேலே தெறிக்கும், கண் போய்விடும். ப்ளீச்சிங் திரவத்தோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், சின்னச் சமையலறையில் அது ஆளையே கொல்லும். எல்லாம் ஊற்றிப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிடுகிறார்கள், என்ன ஊற்றினோம் என்று சொல்வதில்லை. பைப்பைக் கழற்றுகிறவன் கையிலும் முகத்திலும்தான் அது கொட்டும். ஏதாவது ஊற்றியிருந்தால் வருகிறவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

ஓலைப்பெட்டி

என்சைம், பாக்டீரியா என்று பாட்டிலில் விற்கிறார்களே, அது எப்படி அண்ணா?

குறடு

பைப்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் மெதுவானது. இரவில் சிங்கைப் பயன்படுத்தாத நேரத்தில் ஊற்றினால் மேலோட்டமான படிவு குறையலாம். முழுதாக அடைத்த பைப்பை அது திறக்காது.

மஞ்சள்குடை

ஒன்று சொல்ல மறந்துவிட்டது. துடைக்கத் தாளுக்குப் பதில் துணி வைத்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். எண்ணெய் ஊறிய பருத்தித் துணிகளைக் குவியலாகப் போட்டு வைக்காதீர்கள். எண்ணெய் காற்றோடு வினைபுரியும்போது சூடு பிறக்கும், குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழி இல்லாமல் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். சரியாக எண்ணெய் போகாத துணியை டிரையரில் போட்டு, சூடு ஆறாமல் மடித்து அடுக்கினாலும் இதே ஆபத்து உண்டு. விரித்துக் காயப்போட்டு அப்புறம் துவையுங்கள்.

ஈரக்காற்று

இது எனக்குப் புதுச் செய்தி, நல்லவேளை சொன்னீர்கள். பாத்திரம் கழுவும் மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதானா? அதில் நல்ல சூட்டில்தானே கழுவுகிறது.

குறடு

அதே விதிதான் அக்கா. மெஷின் தண்ணீரும் அதே பைப்பில்தான் வருகிறது, வெளியே வந்ததும் ஆறத்தான் போகிறது. துடைத்துவிட்டு அடுக்குங்கள். மெஷினுக்குள் இருக்கும் ஃபில்டரைக் கழற்றிக் கழுவும் தண்ணீரில் மிதக்கிற கொழுப்பையும் வழித்து எடுத்துவிடுங்கள். சிங்கில் அரைவை மெஷின் வைத்திருந்தாலும் சரி, அது பருக்கையைப் பொடியாக்குமே தவிர எண்ணெயை ஒன்றும் செய்யாது.

மொட்டைமாடி

குளியலறையில் தண்ணீர் சரியாகத்தான் போகிறது, பார்த்துவிட்டேன். அப்படியென்றால் அடைப்பு எங்கள் சிங்க் பைப்பில்தான். நானே கழற்றிச் சுத்தம் செய்யலாமா, ஆளைக் கூப்பிட வேண்டுமா?

குறடு

எதுவும் ஊற்றவில்லை என்றால் நீங்களே தொடங்கலாம். சிங்குக்குக் கீழே வளைந்து நிற்கிற பைப் இருக்கிறது அல்லவா, அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், சாக்கடை வாயு மேலே வராமல் இருக்க. அடியில் ஒரு வாளி வையுங்கள். இரண்டு பக்கமும் உள்ள பிளாஸ்டிக் நட்டைக் கையாலேயே இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வரும், வரவில்லை என்றால் துணி சுற்றிக் குறடு போடுங்கள், வேகம் காட்டினால் நட்டு விரிசல் விடும். உள்ளே இருக்கும் வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வளைவில் இருப்பதைக் குச்சியால் வழித்துக் குப்பையில் போடுங்கள், பக்கத்து சிங்கில் கழுவிவிடாதீர்கள். பழைய பாட்டில் பிரஷ் வைத்து உட்பக்கச் சுவரையும் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். மாட்டியதும் சிங்கை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டு, நட்டுகளைச் சுற்றித் தாளால் ஒற்றிப் பாருங்கள், ஈரம் இருந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும்.

வளைவு சுத்தமாக இருந்தும் தண்ணீர் மெதுவாகவே போனால் அடைப்பு சுவருக்குள் போகும் பைப்பில். அங்கே ஸ்பிரிங் கம்பி விட்டால் கொழுப்பின் நடுவில் ஒரு ஓட்டை மட்டும் விழும், தண்ணீர் போகும், சில மாதத்தில் மறுபடி மூடிக்கொள்ளும். சுவரில் ஒட்டியதைச் சுரண்டி எடுக்க அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சும் மெஷின் வேண்டும், அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது கம்பி மட்டும் விடுவாரா, தண்ணீர் பீய்ச்சிச் சுத்தம் செய்வாரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பீய்ச்சுவதற்கு முன்னால் தரைத்தளத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பெயர்ந்து வரும் கொழுப்பு அவர்கள் பக்கத்துப் பைப்பில் போய் நின்றுவிடாமல் கீழே இருக்கும் சேம்பர் மூடியைத் திறந்து வைத்து அங்கேயே அள்ளி எடுத்துவிடலாம்.